கேட்கும் தொகையும் போடும் கையெழுத்தும்

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கும் இளம் பொறியாளர்கள் என்னைத் தேடி வரும்போது கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றாகவே இருக்கிறது. "ஐயா, எவ்வளவு கேட்கலாம்?" மண்ணைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் நிலநடுக்கக் கணக்கைப் பற்றியும் அவர்கள் இத்தனை தயக்கத்தோடு கேட்பதில்லை. அவற்றையெல்லாம் கல்லூரியிலும் அலுவலகத்திலும் கற்றுத் தேறியிருக்கிறார்கள். தன் உழைப்புக்குத் தானே விலை சொல்வதை மட்டும் அவர்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

மதுரையில் ஸ்டிரக்சுரல் இன்ஜினியராக, எவரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல், என் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்திருக்கிறேன். சொந்தத் தொழிலில் ஊன்றி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் களைத்து மறுபடி வேலைக்குத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர்களுக்குள் அறிவில் பெரிய வேறுபாடு இருந்ததில்லை. கட்டணம் சொல்வதில்தான் இருந்தது. ஆகவே என் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் உங்களுக்கு இதைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 60,000 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒரு பிள்ளை வெளியே வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 25 வேலை நாள். ஒரு நாளைக்கு 2,400 ரூபாய். "நூறு ரூபாய் கூட்டி 2,500 கேட்டால் போதும்" என்று முடிவு செய்கிறான். இந்த இடத்திலேயே அவனுடைய தோல்வி தொடங்கிவிடுகிறது. ஆண்டில் 365 நாளில் ஞாயிறு 52 போய்விடும். பண்டிகை, உறவில் கல்யாணம், காய்ச்சல், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று இன்னும் ஒரு மாதம் போகும். மீதமுள்ள 280 நாளில் ஏறத்தாழ பாதி, யாரும் பணம் தராத வேலைக்குப் போகும்: கொட்டேஷன் போடுவது, போட்ட கொட்டேஷன் படியாமல் போவது, பாக்கிக்கு அலைவது, வரிக் கணக்கு எழுதுவது, புதிதாக வந்த ஐ.எஸ். நெறிநூலைப் படிப்பது. ஆக, பிறர் காசு கொடுத்து வாங்கும் நாள் ஆண்டுக்கு 150 இருந்தால் அதுவே நல்ல ஆண்டு.

இப்போது செலவை எழுதுங்கள். வீட்டுக்கு மாதம் 60,000 என்றால் ஆண்டுக்கு 7,20,000. அலுவலக வாடகை, மின்சாரம், ஒரு டிராஃப்ட்ஸ்மேன் சம்பளம், மென்பொருள் உரிமம், சைட்டுக்குப் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 50,000 என்றால் ஆண்டுக்கு 6,00,000. நிறுவனத்தில் இருந்தபோது வருங்கால வைப்பு நிதி இருந்தது, பணிக்கொடை இருந்தது, மருத்துவக் காப்பீடு இருந்தது. இனி அவற்றை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு 1,80,000. மொத்தம் 15,00,000 ரூபாய். 150-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 10,000. இதற்குமேல் வருமான வரி இருக்கிறது; வேலை வராத மாதங்களுக்கான சேமிப்பும் இருக்கிறது. 2,500 கேட்ட பிள்ளை தன் சேமிப்பையும் தன் ஞாயிற்றுக்கிழமையையும் கொண்டுபோய் வேலை கொடுத்த பில்டருக்கு நன்கொடையாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். அது அவனுக்கும் தெரியாது, பில்டருக்கும் தெரியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர்.

மென்பொருள் உரிமத்தைச் செலவில் சேர்த்ததை ஒருவேளை நீங்கள் கவனிக்காமல் கடந்திருக்கலாம். ஸ்டாட் புரோவையும் ஈடேப்ஸையும் திருட்டுப் பிரதியில் ஓட்டிக்கொண்டு "என் கட்டணம் குறைவு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுடைய விலையோடு உங்கள் விலையை ஒப்பிட்டு மனம் வருந்தாதீர்கள்.

என்னை வளர்த்த மூத்த பொறியாளர் ஒரு பழக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் போனது என்று தினமும் மாலையில் ஒரு நோட்டில் எழுதுவார். கணக்குப் போட்டது, வரைபடம் திருத்தியது, மேஸ்திரியிடம் தொலைபேசியில் பேசியது எல்லாம் தனித்தனியாக இருக்கும். இளவயதில் அதை ஒரு முதியவரின் பிடிவாதம் என்றே நினைத்திருந்தேன். அந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு வந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. ராஜபாளையம் பக்கத்தில் ஒரு நூற்பாலைக்கு ஷெட் போட்டால் சதுர அடிக் கணக்கில் பெரிய வேலை. மணிக் கணக்கிலோ சிறிய வேலை. தூண் எங்கே நிற்க வேண்டும் என்பதை எந்திரங்கள் முடிவு செய்துவிடும், பிறகு மாறாது. ஆனால் அண்ணா நகரில் 2,000 சதுர அடி வீடு என்றால் அம்மாவுக்குச் சமையலறை போதவில்லை, மருமகளுக்கு பால்கனி வேண்டும், மூன்றாம் வாரம் வாஸ்து பார்ப்பவர் வந்து படிக்கட்டைத் தென்மேற்குக்கு மாற்றச் சொல்வார். படிக்கட்டு நகர்ந்தால் அதைத் தாங்கும் பீம் நகரும். பீம் நகர்ந்தால் தூணில் ஏறும் சுமை மாறும். தூண் மாறினால் அஸ்திவாரம் மாறும். வீட்டுக்காரர் கண்ணுக்கு ஒரு கோடு நகர்ந்திருக்கிறது. பொறியாளருக்கு அஸ்திவாரத்திலிருந்து புதுக் கணக்கு.

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஊரெல்லாம் ஒரே விலை சொல்லும் வழக்கம் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது. அந்த நோட்டைப் பார்த்த பிறகு, வீட்டு வேலைக்குச் சதுர அடிக் கணக்கில் ஷெட்டைவிடக் கூடுதலாகவே கேட்டு வந்திருக்கிறேன். இரண்டு திருத்தம்வரை கட்டணத்துக்குள். அதற்குமேல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் நாள் கணக்கு என்று எழுத்தில் கொடுத்துவிடுவேன். அப்படி எழுதிக் கொடுத்த பிறகு வீட்டுக்காரர்கள் குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்கும் அது நன்மையாக முடிந்தது.

கட்டடச் செலவில் ஒரு சதவீதம் என்று வாங்கும் முறையும் உண்டு. பார்க்க நியாயமாகத் தோன்றும். 5 கோடி ரூபாய்க் கட்டடத்துக்கு ஒரு சதவீதம் 5 லட்சம். நீங்கள் இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்து, தளத்தின் கனத்தையும் கம்பியின் எடையையும் நெறிநூலுக்கு உட்பட்டுச் செம்மை செய்து, உரிமையாளருக்கு 20 லட்சம் மிச்சப்படுத்துகிறீர்கள். அதற்குப் பரிசாக உங்கள் கட்டணத்தில் 20,000 ரூபாய் குறையும். சோம்பி இருந்தவனுக்கு முழுச் சம்பளம், உழைத்தவனுக்குப் பிடித்தம். மனிதனை நல்ல வேலை செய்ய விடாத கட்டண முறையை, எத்தனை பேர் பின்பற்றினாலும், நீங்கள் பின்பற்றாதீர்கள். வேலையின் எல்லையை வரையறுத்து மொத்தத் தொகை சொல்லுங்கள். எல்லைக்கு வெளியே போனால் நாள் கணக்கு. எனக்குத் தெரிந்தவரை நெடுங்காலம் தாங்கிய முறை இதுதான்.

நெறிநூல்கள் மாறும்போதும் விலையை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் புஜ் நிலநடுக்கம் வந்தது. மறு ஆண்டே நிலநடுக்க நெறிநூலான ஐ.எஸ். 1893 திருத்தப்பட்டது; இரண்டாம் நிலநடுக்க மண்டலத்தில் இருந்த சென்னை மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. கணக்கு கூடியது, தூணும் பீமும் சேரும் இடத்தில் கம்பி விவரம் கூடியது, வரைபடத் தாள் கூடியது. ஆனால் பழைய கட்டணத்திலேயே வேலையைத் தொடர்ந்தவர்கள் பலர். ஒருவரும் கேட்காமலே அவர்கள் தங்கள் கூலியைக் குறைத்துக்கொண்டார்கள். கூலி குறையும்போது முதலில் உயிர் விடுவது மறுபார்வை. வரைபடத்தை ஓர் இரவு ஆறப் போட்டு, மறுநாள் காலையில் புதுக் கண்ணோடு ஒருமுறை பார்ப்பது என்ற வழக்கம் இருக்கிறதே, அதற்குத் தனியாக யாரும் பணம் தருவதில்லை. கட்டணத்துக்குள் அதற்கு இடம் வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய ஒன்று உண்டு.

2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஊரின் துயரம் தமிழ்நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்தையும் தொட்டது. ஓலைக் கூரைகள் இறக்கப்பட்டன. கட்டட உறுதிச் சான்று என்ற தாளை அதுவரை பெரிதாக எண்ணாத தாளாளர்கள் எல்லாம் பொறியாளர்களைத் தேடி வந்தார்கள். என்னிடமும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றுக்குச் சான்று கேட்டார். வரைபடம் இல்லை, கட்டிய கான்ட்ராக்டர் காலமாகிவிட்டார். செய்ய வேண்டியதைச் சொன்னேன். ஒவ்வொரு தூணையும் பீமையும் அளந்து வரைபடம் உண்டாக்க வேண்டும். சில இடங்களில் பூச்சைக் கொத்திக் கம்பியின் தடிமனையும் துருவையும் பார்க்க வேண்டும். ரீபவுண்ட் சுத்தியலாலும் மீயொலிக் கருவியாலும் கான்கிரீட்டைச் சோதிக்க வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவறை, சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் சுற்றிவர வேண்டும். இரண்டு பேருக்கு இத்தனை நாள் வேலை, ஆகவே இவ்வளவு தொகை என்றேன்.

"சார், ஒரு கையெழுத்துதானே கேக்குறேன்? பக்கத்து ஊர்ல ஒருத்தர் வந்து பார்த்துட்டு அன்னைக்கே போட்டுக் குடுத்துட்டுப் போயிடுறாரு" என்றார்.

"பார்க்காத கட்டடத்துக்கு நான் கையெழுத்துப் போடுறதில்லைங்க. பார்த்தா இவ்வளவு ஆகும்" என்றேன். அவர் வணக்கம் சொல்லி எழுந்து போனார். மறுபடி வரவில்லை. அந்த மாதம் எனக்குக் கையில் காசு குறைவுதான். ஆனாலும் அந்த வேலை போனதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

அதே பருவத்தில் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் பள்ளி நடத்தும் ஒரு கன்னியாஸ்திரீ வந்தார். நான் கொடுத்த வேலைப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செய்யுங்க சார். ஆனா மொத்தமா தர எங்ககிட்ட இல்லை" என்றார். பள்ளிக் கட்டணம் வசூலாகும் மூன்று பருவத்திலும் மூன்று தவணையாகத் தரச் சொன்னேன், தந்தார். அந்த ஆய்வில் முதல் மாடியில் குழந்தைகள் நடக்கும் தாழ்வாரத்தை ஒட்டிய சன்ஷேடில் கம்பி துருவேறி, காரை பிளந்திருந்தது தெரிந்தது. கீழேயிருந்து பார்த்தால் புது வெள்ளைப் பூச்சு மட்டுமே கண்ணுக்குப் படும். இடித்துவிட்டு மறுபடி போட்டார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பாருங்கள், பிள்ளைகளே. பணம் இல்லாதவருக்கு இறங்கி வருவது நல்ல குணம். ஆனால் இறங்க வேண்டியது தவணையில். சோதனைகளைக் குறைத்து இறங்கினால், ஏழைப் பள்ளிக் குழந்தைக்கு ஏழைக் கணக்கு என்று ஆகிவிடும். கையெழுத்துக்கு ஒரு விலையும் ஆய்வுக்கு ஒரு விலையும் தனியாக வைக்காதீர்கள். ஆய்வு முடிந்தால் கையெழுத்து அதிலேயே அடங்கியிருக்கிறது, ஆய்வு இல்லையென்றால் எந்த விலைக்கும் கையெழுத்து இல்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்ய அரசு உத்தரவிட்டது. கழிவறைச் சுவரையும் சுற்றுச்சுவரையும் ஏன் பட்டியலில் சேர்க்கிறீர்கள் என்று அதன்பின் என்னிடம் எவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே எனக்குப் பெரிய வலியாக இருந்தது.

பொறியாளர்கள் ஒருவரோடொருவர் விலையைக் குறைத்துப் போட்டி போடலாமா என்ற கேள்வி பழையது. ஆர்க்கிடெக்டுகளுக்கு நம் நாட்டில் 1972-லேயே தனிச் சட்டமும் மன்றமும் வந்துவிட்டன. அதே ஆண்டு அமெரிக்காவில் புரூக்ஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. மத்திய அரசு வேலைகளுக்குப் பொறியாளரை முதலில் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகுதான் கட்டணம் பேச வேண்டும் என்றது அது. அந்த நாட்டின் தொழில்முறைப் பொறியாளர் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், விலைப் போட்டியே கூடாது என்று தன் ஒழுக்க நெறியில் எழுதி வைத்திருந்தது. விலை குறைந்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் மக்கள் உயிருக்கு ஆபத்து என்பது சங்கத்தின் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1978-ல் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. எல்லோரும் கூடி விலைப் போட்டியைத் தடுப்பதைச் சட்டம் ஏற்காது என்றது.

இளமையில் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது சங்கத்தின் பக்கமே என் மனம் சாய்ந்தது. வயது ஏற ஏற வேறு மாதிரி நினைக்கிறேன். சங்கம் சொன்ன ஆபத்து உண்மையானது; ஆனால் சங்கம் காக்கும் விலைக்குள் சோம்பேறியும் ஒளிந்துகொள்வான். தன் விலையைத் தனியாக நின்று காக்கத் தெரிந்தவனிடம் எந்த நீதிமன்றமும் குறுக்கே வராது. நம் அரசு டெண்டர்களில் எல்-1 என்று சொல்லி மிகக் குறைந்த விலைக்காரருக்கு வேலை போவதைப் பார்த்து நீங்கள் சோர்ந்து போவதை அறிவேன். தரத்துக்கும் விலைக்கும் சேர்த்து மதிப்பெண் போடும் டெண்டர்களும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போடுங்கள். விலை மட்டுமே பேசும் இடத்தில் பேசாமல் வந்துவிடுவதும் தொழில்தான்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பருப்பு வியாபாரி கிடங்கு கட்ட நினைத்தார். அது கரிசல் மண் பூமி. கோடையில் கைவிட்டுப் பார்க்கும் அளவுக்குப் பிளக்கும். ஐப்பசி மழையில் ஊதிப் பருத்து மேலே இருப்பதைத் தூக்கும். முதலில் மண் சோதனை செய்ய வேண்டும், அடி அகன்ற அண்டர்ரீம்டு பைல் தேவைப்படலாம் என்று சொன்னேன். ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. என் கட்டணமும் மண் சோதனைச் செலவும் அவருக்கு அதிகமாகத் தெரிந்தன. வேறொருவரிடம் போய்ச் சாதாரண அஸ்திவாரத்தில் கட்டிக்கொண்டார். இரண்டாம் மழையில் தரை எழும்பிச் சுவர் விரிந்தது. திரும்பி வந்தார். என்னிடம் பயிற்சியில் இருந்த பையன், "சார், இப்ப ரெண்டு மடங்கு கேட்டாலும் தருவாரு" என்று தனியே சொன்னான்.

முன்பு சொன்ன அதே நாள் கட்டணத்தைத்தான் கேட்டேன். வேலை பெரிதாகிவிட்டதால் நாட்கள் கூடின. நாளின் விலை கூடவில்லை. "அண்ணாச்சி, சாமான்களை வேற இடத்துக்கு மாத்திட்டு ஆரம்பிப்போம்" என்றேன். பிறர் இடுக்கணில் உயரும் விலையும், நம் இடுக்கணில் தாழும் விலையும் ஒன்றுதான். இரண்டிலும் அளவுகோல் நம் கையில் இல்லை. என் விலை நான் செய்யும் வேலையிலிருந்து பிறக்கிறது என்று சொல்லிக்கொள்கிறவன், எதிரில் இருப்பவர் அழும்போதும் அதையே சொல்ல வேண்டும். அந்தப் பையன் இன்று விருதுநகரில் தனியாகத் தொழில் செய்கிறான். அவன் கொட்டேஷன் இரண்டு பக்கம் இருக்கும். முதல் பக்கம் முழுவதும் என்னென்ன செய்வேன், என்னென்ன செய்யமாட்டேன் என்பதுதான்.

உறவினர், நண்பர் என்று வருகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முழுக் கட்டணம் வாங்குங்கள், அல்லது முழுவதும் இலவசமாகச் செய்யுங்கள். பாதி விலை வேண்டாம். பாதி விலை கொடுத்தவர் தான் காசு கொடுத்துவிட்டதாக நினைப்பார். நீங்கள் உதவி செய்ததாக நினைப்பீர்கள். இரண்டு பேருக்கும் மனக்குறை மிஞ்சும். இலவசமாகச் செய்தாலும் பில் எழுதுங்கள். உரிய தொகையை எழுதி, கட்டணம் பெறவில்லை என்று கீழே எழுதிக் கொடுங்கள். வேலையின் மதிப்பு அவருக்குத் தெரிய வேண்டும். இலவச வேலையிலும் கம்பி கட்டி முடிந்தபின், தளம் போடும் முன், நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். சிறிய மேற்பார்வையோடு பெரிய உபகாரம் செய்வதைவிட, செய்யாமல் இருப்பது மேல்.

சொன்ன விலையை வாங்குவது தனிக் கலை. வேலை உறுதியானதும் கால்பங்கு அட்வான்ஸ் வராமல் கணினியைத் திறக்காதீர்கள். அஸ்திவார வரைபடம் கொடுக்கும்போது ஒரு தவணை, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தவணை என்று வேலையோடு பணமும் நடந்து வரட்டும். கடைசிக்கு 10 சதவீதத்துக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள். கடைசித் தளம் போட்டு முடிந்த கட்டடத்தில் பொறியாளருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவரின் நினைவு மங்கிவிடும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், நம் சேவைக்கு 18 சதவீதம். வரி பில் கொடுத்துவிட்டால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த 18 சதவீதத்தை நீங்கள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். எனவே முதலில் புரோஃபார்மா அனுப்புங்கள். தாமதிக்கும் வாடிக்கையாளர் என்று தெரிந்தால் இதில் இன்னும் கவனம் வையுங்கள். நிறுவனங்கள் உங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும். பிடித்தது உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள்.

உத்யம் பதிவு செய்துகொள்ளாத பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒற்றை ஆளாகத் தொழில் செய்யும் பொறியாளரும் குறுந்தொழில்தான். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. நிறுத்தினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தர வேண்டும். இந்தத் தகராறுகளைத் தீர்க்கப் பேரவைகள் இருக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இன்னும் ஒரு பிடி கொடுத்தது: உரிய காலத்தில் பணம் தராத நிறுவனம் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. ஒரு பெரிய பில்டரின் கணக்காளரிடம் இந்தச் செய்தியை மரியாதையாக ஒரு கடிதத்தில் நினைவூட்டினால், கோபித்துப் பேசி வராத பணம் மார்ச் முடிவதற்குள் வருவதைக் கண்டிருக்கிறேன். கடிதத்தில் கடுஞ்சொல் வேண்டாம். தேதியும் தொகையும் போதும்.

வேலை வராத காலங்கள் வரும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து சைட்டுகள் எல்லாம் மூடின. வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் நடந்தே ஊர் போனார்கள். கட்டணத்தைப் பாதியாக்கினால் வேலை வரும் என்று பலர் குறைத்தார்கள். வேலை ஒன்றும் பெரிதாக வரவில்லை. கட்டுமானமே நின்றுபோன நாளில் விலை குறைந்து என்ன பயன்? ஊர் திறந்த பிறகு பாதி விலையே அவர்களுடைய விலை என்று ஆகிவிட்டது. மீட்க ஆண்டுகள் ஆயின. அப்படிப்பட்ட காலத்தில் விலையைத் தொடாமல் வேலையைச் சிறிதாக்கிக் கொடுங்கள். முழு வடிவமைப்புக்குப் பணம் இல்லாதவருக்கு அஸ்திவாரம் மட்டும். அதுவும் முடியாதவருக்கு ஒரு நாள் சைட் ஆலோசனை. நான் தொடங்கிய நாளில் வேலை குறைந்த மாதங்களில் கான்ட்ராக்டர்களுக்குக் கம்பிக் கணக்கும் அளவுக் கணக்கும் போட்டுக் கொடுத்துக் குடும்பம் நடத்தினேன். அந்த வேலைக்கு அதற்குரிய கூலி. வடிவமைப்புக்கு அதற்குரிய கட்டணம். ஒன்றை மற்றதோடு கலக்கவில்லை. ஆறு மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் போட்டுவிட்டுத்தான் வேலையை விட வேண்டும் என்று உங்களிடம் வற்புறுத்துவதும் இதனால்தான். "முடியாது" என்ற சொல்லைப் பணிவாகச் சொல்ல அந்தச் சேமிப்பு வேண்டும். காத்திருக்க முடிந்தவனிடம்தான் நல்ல வேலை வந்து சேர்கிறது. காத்திருப்பதற்கு மனவலிமை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அரிசியும் வேண்டும்.

அண்மையில் ஓர் இளம் பெண் பொறியாளர் தொலைபேசியில் பேசினாள். தொழில் தொடங்கி இரண்டாம் ஆண்டு. ஒரு புரமோட்டர் அவளுக்கு மாதம் 40,000 தருவதாகச் சொல்கிறார். அவர் கட்டும் எல்லாக் கட்டடங்களுக்கும் வரைபடம் கொடுத்து, எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட வேண்டும். "நிலையான வருமானம்ங்க ஐயா. ஒத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். குரலில் ஆசையும் பயமும் சேர்ந்திருந்தன. அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது.

"உன் நாளுக்கு என்ன விலைம்மா?" என்றேன். நாள் கணக்கைப் போட்டு வைத்திருந்தாள்; 10,000 என்றாள். "அப்படின்னா அவர் வாங்குறது மாசத்துக்கு நாலு நாள். அதை எழுது. நாலு நாளுக்கு மேல போனா நாளுக்கு 10,000. ஒரு மாசத்துல மிஞ்சின நாளை அடுத்த மாசத்துக்கு மேல சேர்த்து வைக்கக் கூடாது. அஞ்சாம் தேதிக்குள்ள பணம். வேணாம்னா ரெண்டு பக்கமும் ஒரு மாச நோட்டீஸ். கையெழுத்து இந்த மாசத் தொகைக்குள்ள வராது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நீ அஸ்திவாரக் குழியையும் ஒவ்வொரு தளத்துக் கம்பியையும் நேர்ல பார்க்குற கட்டணம் தனி, பார்த்தாத்தான் கையெழுத்து. அப்புறம் ஒண்ணு, இவர்கிட்டருந்து வர்ற பணம் உன் ஆண்டு வருமானத்துல பாதியைத் தாண்டாம பார்த்துக்க."

எழுதிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, "ஒத்துக்கலைன்னா?" என்றாள்.

"ஒத்துக்கலைன்னா அந்த நாலு நாள் உன் கையிலதான் இருக்கு. சாத்தூர்ல ஒரு மில் ஷெட்டுக்குக் கேட்டிருக்காங்கன்னு சொன்னியே, மண் சோதனையையும் சேர்த்து அதுக்கு இன்னைக்கே கொட்டேஷன் அனுப்பு."